காலி எடை

புளியரை செக்போஸ்ட்டுக்கு முக்கால் கிலோமீட்டர் முன்னால்
எங்கள் எடைமேடை.
இரவு எட்டிலிருந்து காலை ஆறு வரை
கண்ணாடிக்குப் பின்னால் நான்.

வைக்கோல் லாரி, முட்டை வண்டி,
பாவூர்சத்திரத்துக் கத்தரிக்காய்,
தார்ப்பாய் போதாத எம்-சாண்ட்.
ஆரியங்காவு ஏறுமுன்
எல்லாம் என்னிடம் ஒரு சீட்டு வாங்கிப் போகும்.

ஐம்பத்தெட்டில் நூற்பாலை அனுப்பிவைத்தது.
ஒரு சால்வை, ஒரு சுவர்க்கடிகாரம்,
"இனி நல்லா ஓய்வெடுங்க" என்று மேனேஜர் இரண்டு முறை.
கடிகாரம் நன்றாக ஓடியது.
அதுதான் சிக்கல்.

பதினோரு மணிக்குள் வீட்டில் எல்லாம் முடிந்துவிடும்.
அதற்குப் பிறகு மத்தியானம் என்று ஒன்று இருக்கிறதே,
அது அவ்வளவு நீளம் என்று
முப்பத்தொரு வருசம் எனக்குத் தெரியாது.

ஏழு மாதம் பொறுத்தேன்.
பீர்மைதீன் ராவுத்தரிடம் போய் நின்றேன்.
"லாரிக்காரன் புழங்குற இடம், அக்கா."
"பஞ்சுப் பொதிக்கு எடை போட்டவ வே நான்.
பஞ்சு பொய் சொல்லும். மழையில கூடும், வெயில்ல குறையும்.
இரும்பு என்னத்தச் சொல்லிரும்?"

பாதிச் சம்பளம் பேசினார்.
வயசான காலத்தில் பொழுது போகணும், அவ்வளவுதானே என்றார்.
பொழுதுபோக்கென்றால் குற்றாலத்துக்கு பஸ் இருக்கிறது என்றேன்.
பாதி லோடு வந்தால் பாதி மேடையிலா நிறுத்துவீர் என்றேன்.
சிரிக்கவில்லை. முழுச் சம்பளம் தந்தார்.
ஒன்பது வருசம் ஆகிறது.

போன கார்த்திகைக்கு முந்தின கார்த்திகையில்
எட்டும் மூன்றும் அக்கா தங்கை மாதிரி ஆயின.
ஒரு தேங்காய் லோடுக்குப் பேரேட்டில்
ஐநூறு கிலோ கூட எழுதிவிட்டேன்.
மறைத்திருக்கலாம்.
விடியும்வரை அந்த ஐநூறு கிலோவும்
என் மடியில் உட்கார்ந்திருந்தது.
காலையில் சொன்னேன்.
ராவுத்தர் என்னைப் பார்த்தார், பெட்டியில் ஓடும் எண்ணைப் பார்த்தார்.
போதும் அக்கா என்பார் என்று
டிபன்பாக்ஸைக் கழுவிப் பையில் வைத்திருந்தேன்.

"எவ்வளவு பெருசா இருந்தா தெரியும்?" என்று கேட்டார்.

தென்காசியிலிருந்து பலகை வந்தது.
ஒவ்வொரு எண்ணும் ஒரு சாண், ரத்தச் சிவப்பு.
முக்காலி போய் முதுகுள்ள நாற்காலி வந்தது.
ஆறு ராத்திரி நாலு ராத்திரி ஆனது.
பகல் பார்க்கும் சுடலைமணிக்கு இருபத்தாறு வயது.
பலகையைக் கண்டதும் மூச்சு விட்டான்:
"வெயில்ல எனக்கும் ஒண்ணும் தெரியாது அத்தை,
சொல்லத்தான் கூச்சம்."

பத்திரிகையில் உன்னைப் போடச் சொல்கிறேன் என்கிறாள் மகள்.
வேண்டாம்.
படத்துக்குக் கீழே வயதை எழுதுவார்கள்.
ராத்திரிக்கு எத்தனை வண்டி என்று எழுதமாட்டார்கள்.

மணி இரண்டேகால். மழை.
புனலூர் தங்கச்சன் வண்டியை ஏற்றுகிறான்.
"சேச்சி, வேகம் ஒரு சீட்டு!"
மேடை முனகுகிற விதத்தில் தெரிகிறது,
பின்சக்கரம் ஒன்று விளிம்புக்கு வெளியே.
பலகைக்கு முன்னால் காது சொல்லிவிடும்.
"ஒரு முழம் முன்னாடி, தங்கச்சா" என்கிறேன் மைக்கில்.
கை எடுத்துக் கும்பிட்டுவிட்டு நகர்கிறான்.
எண் ஏறி, தயங்கி, நிற்கிறது.

எந்த வண்டிக்கும் காலி எடை ஒன்று பார்ப்போம்,
சரக்கையெல்லாம் இறக்கிய பிறகு.
தேய்ந்த டயர், மட்கார்டில் அப்பிய சேறு,
சீட்டுக்குப் பின்னால் சுருட்டிய போர்வை, ஸ்டவ்,
எல்லாம் சேர்ந்து ஒரு கணக்கு வரும்.
பூஜ்யம் காட்டிய லாரியை
இன்றுவரை நான் பார்த்ததில்லை.

இடுப்பு வலிக்கிறது, அது வேறு விஷயம்.
அடுத்த வண்டிக்காரன் ஹாரனை விடாமல் அமுக்குகிறான்.
இரும் வே,
பேப்பர் ரோல் மாத்திக்கிட்டிருக்கேன்.