உருளைக்கிழங்கு முன்னுக்கு வந்த வருஷம்

மற்ற வருஷங்களில் கடற்கரையோரம் மண்டபம் எடுப்போம்.
துணி வெட்டும் மூட்லி
சட்டையைக் கழற்றி ஆடியதற்குப் படம்கூட இருக்கிறது,
பாத்திரம் கழுவும் இடத்தில், பல்லி எச்சத்தோடு.
இந்த வருஷம் நவம்பரிலேயே
படையாச்சி என் மேசைக்கு வந்து
கால்குலேட்டரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"தலைக்கு எவ்வளவு விழுகிறது, வன்மதி?"

எழுபத்து மூன்று தலை.
ஆட்டிறைச்சி என்று தட்டினேன், உதட்டைப் பிதுக்கினார்.
கோழி என்று தட்டினேன், ஜன்னலைப் பார்த்தார்.
வெளியே வெருலம் பஸ் நிலையம்,
அன்னாசி விற்பவனின் தள்ளுவண்டி,
எங்கள் பைஜாமாக்களை இனி வாங்காத
கடையின் விளம்பரப் பலகை.
"ஆடே இருக்கட்டும்" என்றார் கடைசியில்.
"கிழங்கை இரட்டிப்பாக்கு, பருப்பைக் கூட்டு.
தம் போட்டால் எல்லாம் ஒன்றுதான்."

மண்டபம் வேண்டாம், பேக்கிங் அறை போதும்.
பலூனுக்குப் பதில் மிஞ்சிய சாட்டின் நாடா.
பரிசுப் பையில் எண்ணெய் பாதியானது,
மீன் டப்பா காணாமல் போனது,
காலண்டர் மட்டும் பெரிதானது.
போனஸ் என்ற சொல்லை நான் எடுக்கவில்லை.
எடுக்காததற்கு நன்றி போல
கால்குலேட்டரை மெல்லத் திருப்பி வைத்தார்.

விருந்தையே நிறுத்திவிடலாமே என்றேன்.
"நிறுத்தினால் தெரிந்துவிடும்."

என்ன தெரிந்துவிடும் என்பது
மறுநாள் ஒட்டிய உறையில் வந்தது.
பதினொரு பெயர்கள்.
ஜனவரியில் பேச்சுவார்த்தைக்கு அழைக்கப்பட வேண்டியவர்கள்.
பேச்சுவார்த்தை என்றால் என்னவென்று
இந்தத் தெருவில் நாய்க்கும் தெரியும்.
எழுத்துப் பிழை பார்க்கச் சொன்னார்.
ஒன்றே ஒன்று இருந்தது:
ஹ்லெங்கிவேயின் பெயரில் முதல் எழுத்தைக் காணோம்.
அந்தச் சந்து வழியாக அவள் தப்பிவிடட்டும் என்று
ஒரு தேநீர் நேரம் விட்டு வைத்தேன்.
பிறகு திருத்தினேன்.
சம்பளம் போடுகிறவள் வேறென்ன செய்வாள்?

டிசம்பர் பதின்மூன்று, மதியம்.
விருந்து நேரம் பார்த்து மின்வெட்டு.
ஜெனரேட்டர் மெஷின்களுக்கு மட்டும் என்பதால்
வாடகை ஸ்பீக்கர் வாயை மூடிக்கொண்டது.
படையாச்சி தொண்டையால் பேசினார்.
"நாம் ஒரே குடும்பம்" என்றதை
சூப்பர்வைசர் தண்டேக்கா ஜூலுவில் சொன்னாள்.
பின்வரிசையில் யாரோ ஏதோ சொல்ல ஒரே சிரிப்பு.
என்னவென்று கேட்டார்.
"குடும்பம் என்றால்
அப்பாதான் கடைசியில் சாப்பிடணுமாம், சார்."
அவரும் சிரித்துக்கொண்டே போய்
வரிசையின் வாலில் நின்றார்.

கரண்டி என் கையில்.
மேலே மஞ்சள் கிழங்கு, மலை மலையாக.
கறி அடியில் எங்கோ வெட்கப்பட்டுக் கிடந்தது.
வந்தவர்க்கெல்லாம் மேலிருந்து அள்ளினேன்.
ஹ்லெங்கிவே தட்டை நீட்டியபோது
கை தானாக ஆழத்துக்குப் போனது.
இரண்டு துண்டு. இன்னும் ஒன்று.
பித்தான் தைக்கும் சிவகாமி வந்தாள்,
கை மறுபடியும் போனது.
அயர்ன் போடும் இஸ்மாயிலுக்கு
எலும்போடு மூளையும் வந்தது.
ஐந்து பேர். ஆறு பேர்.
பாவத்தைக் கறியால் கழுவலாம் என்று
யார் எனக்குச் சொன்னார்கள்?

"ஏன் அக்கா, அவங்களுக்கு மட்டும் மூணு துண்டு?"
தேவகி விளையாட்டாகத்தான் கேட்டாள்.
ஆனால் கேள்வி வரிசையில் நடந்தது.
தட்டுகள் தட்டுகளைப் பார்த்தன.
ஹ்லெங்கிவே தன் துண்டுகளை
விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள்,
சிவகாமியின் தட்டை எண்ணினாள்,
பிறகு என்னைப் பார்த்தாள்.
சாப்பிடவில்லை. அலுமினியத் தாளில் சுற்றி
காலண்டரோடு பைக்குள் வைத்தாள்.

அடுத்து மூட்லி.
இருபத்தாறு வருஷக் கத்தரிக்கோல்,
கட்டை விரலில் காய்ப்பு.
கரண்டி ஏற்கெனவே அடியைத் தொட்டுவிட்டது.
அவர் தட்டைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"எனக்குக் கிழங்கு போதும், வன்மதி.
கிழங்கு மட்டும் போடு."