நாற்பத்தோராம் வரி

வல்டிவியாவில் மழை ஓர் இடர் அல்ல,
முகவரி.
இடர்ப் பட்டியலில் அதை முதல் வரியாக எழுதியபோது
எல்லோரும் சிரித்தார்கள்.
நிகழும் வாய்ப்பு, ஐந்துக்கு ஐந்து.
பாதிப்பு எவ்வளவு என்று கேட்ட கட்டத்தில்
இரண்டு போட்டேன்.
நனைந்தால் துடைத்துக்கொள்கிற ஊர்தானே.

நூலகம் முழுக்க மரம்.
கான்கிரீட்டுக்குப் பதில்
ஒன்றன்மேல் ஒன்றாய் ஒட்டிய பைன் பலகைச் சுவர்,
கூரைமேல் மண், மண்ணில் புல்.
மூட்டுகளை மூடும் பழைய நாடா நெடியடிக்கும்,
ஆனால் விடாது.
சான்றிதழுக்காகப் புதிதாய் வாங்கியது
நெடியற்றது, நாகரிகமானது.
அதன் தாளில் பொடி எழுத்தில் ஒரு வாக்கியம்:
உலர்ந்த பரப்பில் மட்டும் ஒட்டவும்.
உலர்ந்த பரப்பு!
ஜூலை மாதம்!
நாற்பத்தோராம் வரி அது.
வெள்ளிக்கிழமை, மாலை ஆறு மணி,
பச்சை அடித்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

பச்சைக் கட்டடத்துக்கு
ஒரு பச்சைக் கட்டம்.
ஓர் எழுத்துதான் குறைகிறது.
அந்த இடைவெளி வழியாகத்தான்
தண்ணீர் இறங்கியது.

ஞாயிறு காலை தச்சர் வென்சுமான் அழைத்தார்.
அவர் பின்னால் மீன் சந்தையின் கடல்சிங்கங்கள்
குரைத்துக்கொண்டிருந்தன.
"மீட்டர் வேண்டாம், யாஸ்னா. கை மட்டும் கொண்டுவா."
இரண்டையும் கொண்டுபோனேன்.
மூன்றாம் மாடி, வடக்குக் காற்று அறையும் மூலை.
நாடா ஒரு நாக்கைப்போலத் தொங்கியது.
ஊசி முனைகள் சிரமமில்லாமல் உள்ளே போயின.
இருபத்தெட்டு சதவீதம்.
இருபதுக்கு மேல் பூஞ்சைக்கு விருந்து.

திங்கட்கிழமைக் கூட்டம்.
கூரைமண் லாரி வியாழன் வரும், மேயரும் வருவார்.
இயக்குநர் இத்தூர்ரா மெதுவாகத்தான் சொன்னார்:
"விசிறி வைத்து உலர்த்தி மூடிவிடுவோம்.
யாருக்குத் தெரியப்போகிறது?"
யாரும் பேசவில்லை.
திரையில் நாற்பத்தோராம் வரி ஒளிர்ந்தது.
அதன் கடைசிக் கட்டம் 'பொறுப்பாளர்'.
அதில் யாஸ்னா ஒயார்சூன் என்று இருந்தது.
நான்தான் தட்டச்சு செய்திருந்தேன்,
எழுத்துப்பிழை இல்லாமல்.

எழுந்து சிவப்பாக்கினேன்.
கை நடுங்கியதில்
பக்கத்து வரியும் சிவந்தது,
அதைத் திருத்தவே அரை நிமிடம்.

பதினொரு பலகைகளைக் கழற்றினோம்.
பத்தொன்பது நாட்கள்.
மேலே சர்க்கஸ்போல ஒரு கூடாரம்.
சூரியத் தகடுகளுக்கு வைத்திருந்த பணம்
அதில்தான் போயிற்று.
தங்கம் என்றிருந்த சான்றிதழ் வெள்ளி ஆனது.
இத்தூர்ரா இன்னும் என்னிடம்
தேவைக்கு மேல் பேசுவதில்லை.
வென்சுமான் பழைய நாடாவை ஒட்டும்போது
மூக்கைச் சுளித்தார்,
பிறகு அந்த மூட்டைத் தட்டிக்கொடுத்தார்.

மழைக்குப் பாதிப்பு இப்போது நான்கு.
ஐந்து போடவில்லை.
ஐந்தை இந்த ஊரில்
நிலநடுக்கத்துக்கு வைத்திருக்கிறோம்.