கையில் நாற்பத்தோரு வீடு

தண்ணீர் மாதிரிதான் இருக்கும், வாசம்கூடக் கிடையாது.
ஒரு குப்பிக்கு ஓர் எண்,
ஓர் எண்ணுக்கு ஒரு வீடு.
குவைத்தில், மிஷ்ரஃப் வில்லாக்களில்,
பல்குத்தும் குச்சியளவு தூரிகையால்
அதைத் தொட்டுத் தொட்டு வைப்பது என் வேலை.
வளையலின் உள்வட்டம், லேப்டாப்பின் அடிவயிறு,
கடிகாரக் கொக்கி,
ஒருமுறை, கெஞ்சிக் கேட்டதால், ஒரு கிளிக்கூண்டு.
காய்ந்ததும் கண்ணுக்கு ஒன்றுமில்லை.
ஊதா டார்ச் அடித்தால்
கேஸ் அடுப்பைச் சிம்மில் வைத்த நீலம்.

கடைசியாக வாசலில் ஸ்டிக்கர்:
இங்கிருந்து போகும் பொருள் தன் வீட்டைச் சொல்லும்.
முதலாளி நிஸார் சொல்வார்,
மருந்து பாதி, ஸ்டிக்கர் பாதி;
பார்த்த ஹராமி பக்கத்து வீட்டுக்குப் போவான்,
பக்கத்து வீட்டுக்காரர் மறுநாள் நமக்குப் போன் செய்வார்.

ரமலானில்
எல்லோரும் தீவானியாவில் இருந்த ஓர் இரவு
பதினேழாம் நம்பரில் நகைப்பெட்டி காலி.
பூட்டு உடையவில்லை. ஜன்னலில் கீறல் இல்லை.
ஆகவே, வந்து போகிறவர்களைக் கூப்பிட்டார்கள்:
டிரைவர், தோட்டக்காரர்,
பதுளையிலிருந்து வந்த புஷ்பகாந்தி,
நான்.

விளக்கை அணைத்தார்கள்.
டிரைவர் கையில் ஒன்றுமில்லை.
தோட்டக்காரர் கையில் மண்.
புஷ்பகாந்தியின் விரல்நுனிகளில் லேசாக நீலம்.
“மாமாட பெட்டிய தெனம் தொடைக்கிறது நான்தானே”
என்றாள் தமிழில், என்னைப் பார்த்து.
அந்த வீடுகளில் எஜமானிக்கு மாமா என்றுதான் பெயர்.
அரபியில் எடுத்துச் சொன்னேன்.
எழுதிக்கொண்டார்கள்.

என் முறை.
கையை நீட்டியதும்
அறையே கொஞ்சம் வெளுத்தது.
ரேகை, நகக்கண், மணிக்கட்டின் மயிர்க்கால் வரை
நாற்பத்தோரு வீடும் எரிந்தது.
டார்ச் பிடித்த பையன் ஓரடி பின்வாங்கினான்.
மூத்த அதிகாரி சிரித்தார்:
இவன் திருடனென்றால்
மிஷ்ரஃபில் பாதி இவன் பையில் இருக்க வேண்டுமே.

என்னை அனுப்பிவிட்டார்கள்.
அவளை அனுப்பவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்து
முபாரகியா தங்கக்கடை ஒன்றில்
ஒரு வளையலின் உள்வட்டம் வாயைத் திறந்தது.
பதினேழாம் நம்பர், சந்தேகமே இல்லை.
விற்றவர் யாரென்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை.
புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.
அந்த வாசலில் எப்போதும் நிற்கும்
மூத்த மகனின் மஞ்சள் காரை மட்டும்
அப்புறம் நான் பார்க்கவில்லை.

நிஸார் இனிப்பு வாங்கிக் கொடுத்தார்.
மருந்து வேலை செய்தது, உண்மைதான்.
புஷ்பகாந்தியின் பன்னிரண்டு நாளுக்கு
எந்தக் குப்பியிலும் எண் இல்லை.

நேற்று மஹ்பூலா அறையில்
கட்டிலுக்கடியில் விழுந்த சிம் கார்டைத் தேட
செல்வின் டார்ச் கேட்டான்.
அரைத்தூக்கத்தில் கைக்கு வந்தது ஊதா டார்ச்.
அடித்தான்.
சுவிட்ச் நீலம். சோற்றுப்பானை மூடி நீலம்.
தண்ணீர் கேனின் குழாய்.
நாலு மணி ஷிப்டுக்கு நான் உலுக்கி எழுப்பும்
அவனுடைய இடது தோள்.
பிறகு என் போன்:
கண்ணாடி நடுவில், கட்டைவிரல் அகலத்துக்கு,
வெள்ளிக்கிழமைகளில் மகளின் கன்னம் வரும் இடம்.

அந்த வெளிச்சத்தில் சிம் கார்டு தெரியவில்லை.
விடிந்து பார்த்துக்கலாம் என்றான் செல்வின்,
தோளைத் தட்டிவிட்டுக்கொண்டே.