முகப்புப் பக்கம்

பிஷ்கெக்கிலிருந்து வந்த உர்மத்
பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி சொன்னான்.
அதனால் முதலில் காகிதத்தில் கட்டினோம் பள்ளியை,
பழைய வருகைப் பதிவேட்டின் பின்புறம்
பெட்டி பெட்டியாக.

உச்சியில் பெரிய பெட்டி, தலைமையாசிரியர் படத்துக்கு.
அவரே ஸ்கேல் வைத்துப் பேனாவால் போட்டார்.
வரலாற்று ஆசிரியை ஜிபர்கூல்
பள்ளி பிறந்த கதைக்கு மூன்று கேட்டாள்.
சமையற்கட்டிலிருந்து கை துடைத்தபடி வந்த அய்மொன்சோக்
வியாழக்கிழமை சூப்புக்கு ஒன்று என்றாள்.
நான் கணக்கு வாத்தியார்.
எண்ணிப் பார்த்தேன்: இருபத்தாறு.

உர்மத்தின் அழகான எழுத்துருவில்
கோக்-தாங் என்ற எங்கள் ஊரின்
கடைசி எழுத்து இல்லை.
அந்த இடத்தில் வெற்றுச் சதுரம் ஒன்று.
"படிக்கிறவர்களுக்குப் புரியும்" என்றான்.
"புரியும். ஆனால் அது வேறு ஊர்" என்றாள் ஜிபர்கூல்.
எழுத்துரு மாறியது.
அழகு கொஞ்சம் போனது.

அக்டோபர். ஆடுகள் இன்னும் இறங்கவில்லை.
பெற்றோர் பாதிப்பேர் மலைமேல்,
பிள்ளைகள் இங்கே விடுதியில்.
சோதித்துப் பார்க்கச் சொல்லி
புருலுக்கு அனுப்பினோம் பக்கத்தை.
அவள் குதிரையேறி ஒரு மணி நேரம் போய்,
சிக்னல் கிடைக்கும் அந்த ஒற்றைப் பாறைமேல்
போனைத் தூக்கிப் பிடித்து நின்றிருக்கிறாள்.

மறுநாள்தான் பதில் வந்தது:
"தலைமையாசிரியர் புருவம்வரை வந்தார்.
அதற்குள் பேட்டரி தீர்ந்துவிட்டது.
வெள்ளிக்கிழமை வண்டி வருமா, வராதா?
அதை எங்கே போட்டிருக்கிறீர்கள்?"

இருபத்தாறு பெட்டியிலும் தேடினோம்.
சூப்பு இருந்தது.

தலைமையாசிரியர் ரப்பர் கேட்டார்.
பேனாக் கோடு, அழியவில்லை.
சற்று நேரம் தேய்த்துப் பார்த்துவிட்டு
வேறு தாள் எடுத்தார்.
நடுவில் ஒரே வரி:
வண்டி வரும்.
அல்லது, வண்டி வராது.

வாராவாரம் யார் மாற்றுவது?
விடியற்காலை நாலு மணிக்குக் கொதிகலன் மூட்ட எழுகிறவன்,
கணவாய்ப் பக்கம் முதலில் பார்க்கிறவன், குபாத்.
அவனிடம் கொடுத்தோம் கடவுச்சொல்லை.
மறந்துவிடும் என்று
கொதிகலன் அறைச் சுவரில் கரியால் எழுதிவைத்தான்.
இப்போது அது ஊருக்கே தெரியும்.

இன்று வெள்ளி. திறந்தேன்.
தாமதமே இல்லை, வந்துவிட்டது:
"வண்டி வரும்.
புருலின் சின்னவனிடம் தொப்பி இல்லை.
என்னுடையதைப் போட்டு அனுப்புகிறேன்.
பெரிதாக இருக்கும்."

இரண்டு எழுத்துப் பிழை.
திருத்தட்டுமா என்று உர்மத் கேட்டிருக்கிறான்.
நான் இன்னும் பதில் போடவில்லை.