டக்

சரளை, கைப்பிடி வழியே
பல்வரை ஏறி வருகிறது.
இத்சியார் முன்னால் போகிறாள்.
காலையிலிருந்து பேச்சில்லை.

வளைவில் பாதையை அடைத்து வலை.
ஆலிவ் கிளையைக் கம்பால் அடித்துக்கொண்டிருந்த பெண்
திரும்பாமலே சொன்னாள்:
“மிதிக்காதீங்க. தூக்கிட்டுப் போங்க.”

தோளில் சைக்கிள்,
கருத்த காய்கள் ஓரம் ஒதுங்கி நடந்தோம்.

பைன் காட்டில் தரையெல்லாம் ஊசியிலை.
சரளை ஊமையானது.
அப்புறம்தான் கேட்டது:
டக். டக். டக்.

செயினா?
இறங்கிக் குனிந்தாள்.
சக்கரக் கம்பியில் சிக்கிய சுள்ளி,
நுனியில் ஒற்றை ஆலிவ்.
பாதி கடித்தாள்,
முகம் மாறாமல் மீதியை நீட்டினாள்.

அப்படியொரு கசப்பு!
நான் துப்பினேன்,
அதுவரை அடக்கிவைத்திருந்தவளும் துப்பினாள்.

“அல்பாசெத்தேயில் நீ சொன்னது…” என்று ஆரம்பித்தாள்.

முன்னால் நீள இறக்கம்.
இருவரும் ஏறவில்லை,
உருட்டிக்கொண்டு நடந்தோம்.