ஈடு

இருபத்தொன்பது வருஷம்
பொறையாறு கூட்டுறவு வங்கியில்
பத்தர் உரைத்துச் சொல்லச் சொல்ல
எடை போட்டுச் சீட்டெழுதியவள்.
தாலிக்கொடி, தோடு, பிள்ளையின் அரைஞாண்.
குறுவை நடவுக்கு உள்ளே வரும்,
தாளடி அறுப்பில் வெளியே போகும்,
சில போகாது.
ஈடில்லாமல் யாருக்கும் ஒரு காசு நீட்டியதில்லை.

அந்தப் பழக்கத்தோடுதான்
ஆண்டவரிடமும் போனேன்.
அச்சாரம் கொடுத்தாயிற்று என்று
ஐயர் பிரசங்கிக்கும்போதெல்லாம்
எத்தனை சதவீதம் என்று உள்ளே ஒருத்தி கேட்பாள்.

வீட்டு பிஸ்கட் டின்னில்
முப்பத்தாறு வாக்குத்தத்த அட்டைகள்,
புத்தாண்டு ஆராதனைக்கு ஒன்றாக,
வருஷவாரியாக, ரப்பர் பேண்டு போட்டு.
அலை வந்த வருஷத்து அட்டையில்
தீங்கு கிட்டே வராது என்கிற மாதிரி ஒரு வசனம்.
தரங்கம்பாடிக் கரையில் தங்கை மகன் போனபோது
அதற்கு இன்னும் ஐந்து நாள் தவணை இருந்தது.
எறியவில்லை அதை.
வசூலாகாத பாக்கி என்று தனியே வைத்தேன்.

அப்புறம் அந்த இடம்.
கல்லறைத் தோட்டத்தில், வீட்டுக்காரர் தேவாசீர் பக்கத்தில்,
ஆறரைக்கு மூன்று அடி.
எட்டாயிரம் கட்டி, ரசீது வாங்கி,
சுற்றிலும் சிமென்ட் வரம்பு எழுப்பி,
தலைமாட்டில் கல்லும் நட்டாயிற்று:
ரூபவதி என்று வெட்டி
தேதிக்கு மட்டும் வெற்றிடம்.
அடைமழையில் குடை பிடித்துப் போய்ப் பார்ப்பேன்.
எல்லார் மேலும் தண்ணீர் நிற்கும்,
என் வரம்புக்குள் நிற்காது.
அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூக்கம் வரும்.

ஐப்பசியில் குணசீலன் இறந்தான்.
என்ஜின் மெக்கானிக். நான்கு வருஷம் சந்தா பாக்கி.
பாக்கிதாரருக்கு இடமில்லை என்பது சபை விதி.
விதிப்புத்தகமும் கணக்குநோட்டும்
பொருளாளரான என் மடியில்.
அவன் பெண்சாதி பூரணம் வந்தாள்,
ஈரத்தலையோடு.
முந்தானை முடிச்சை அவிழ்த்துத் தோடுகளை வைத்தாள்.
"எடை போட்டுப் பாருங்கக்கா. பாக்கிக்குக் காணுமா?"

மூன்று கிராம் என்றது கை.
என்னைக் கேட்காமல்,
அந்த வாசலில், அந்த அழுகைக்கு நடுவே,
மூன்று கிராம்,
கல்லைக் கழித்தால் இரண்டே முக்கால்.

அந்தக் கையை நான் பார்த்தேன்.

இரக்கத்தால் இடத்தைக் கொடுத்தேன் என்று
சபையில் பேசிக்கொண்டார்கள்.
வெட்கம். வேறொன்றுமில்லை.
"அப்ப உங்களுக்கு?" என்றார் செயலாளர்.
"தெரியாது" என்றேன்.
கவுண்டருக்குப் பின்னால் இருந்த காலமெல்லாம்
நான் சொல்லாத வார்த்தை அது.

வெட்டினார்கள்.
மூன்றடியில் தண்ணீர்.
என் வரம்புக்குள், என் உலர்ந்த மண்ணின் கீழே,
ஊரெல்லாம் ஊறுகிற அதே தண்ணீர்
எத்தனையோ வருஷமாக அங்கேயே இருந்திருக்கிறது.
குணசீலன் பழுது பார்த்த என்ஜினையே
கொண்டுவந்து இறைத்தார்கள்.
அவன் குழிக்கு அவன் கைவேலையே ஓடிற்று,
புகை கக்கி, ஒரே இழுப்பில்.

கல்லை இன்னும் மாற்றவில்லை.
மேலே என் பெயர். அடியில் அவன்.
திருநாளுக்கு வருகிறவர்கள் குழம்புகிறார்கள்.
ஒருவர் இடத்தில் இன்னொருவர் படுப்பது
எங்கள் விசுவாசத்துக்குப் புதிதா என்ன?
இத்தனை வருஷம் அதற்கும்
ரசீது கேட்டுக்கொண்டிருந்தவள் நான்.

புத்தாண்டில் அட்டைத் தட்டு வந்தது.
விரல் கொஞ்சம் நீண்டது.
மடக்கிக்கொண்டு பக்கத்தில் தள்ளினேன்.

இப்போதும் சில ராத்திரி எழுந்து
பீரோவில் அந்த ரசீதைத் தேடுகிறேன்.
துணிகளை விலக்கி, அடித்தாளையும் தூக்கிப் பார்த்த பிறகே
கொடுத்துவிட்டது ஞாபகம் வருகிறது.
வெளியே வீரசோழனில் தவளைச் சத்தம்.
விளக்கை அணைத்துப் படுக்கிறேன்.
தூங்கியும் விடுகிறேன்.