மரை கழலும் நேரம்

வார்டோவில் ஜூலையில் இரவு கிடையாது.
அதனால் போதும் நிறுத்து என்று சொல்ல யாருமில்லை.
மணி பதினொன்றோ ஒன்றோ,
வெயில் ஒரே மாதிரி சாய்ந்து
கொட்டகை வாசலில் நிற்கிறது,
கடன் கேட்க வந்தவன் போல.

கைப்பிடியின் மேல் பிரேக் எண்ணெய்க் கிண்ணம்.
மூடிக்கு இரண்டே திருகாணி,
இரண்டின் தலையிலும் துரு, பழைய சாயம்.
நூற்றுத் தொண்ணூறு கிலோ வண்டியை நிறுத்துவது
அதற்கடியில் இருக்கும் கொஞ்சம் எண்ணெய்.
தேன் நிறத்தில் இருக்க வேண்டியது.
சின்னக் கண்ணாடி வழியே பார்த்தால்
ஆறிப்போன காப்பி.

முதல் ஆணி முனகிவிட்டு வந்தது.
இரண்டாவது வரவில்லை.

மரியாதையாகத்தான் கேட்டேன்.
துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி,
ராத்திரி ஏது, எட்டு மணி நேரம், காத்திருந்தேன்.
பிறகு சூடு.
பிறகு சுத்தியல்.
அடிமேல் அடித்தால் அம்மியும் நகருமாம்.
சொன்னவர் பார்த்திருக்க மாட்டார்
அலுமினியத்துக்குள் எஃகு குடியேறும் விதத்தை.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
இதற்கு உப்பிட்டது பேரன்ட்ஸ் கடல்.
நினைக்கிறது,
மரையின் ஒவ்வொரு சுற்றிலும்
வெள்ளைப் பொடியாக.

திருப்புளி நழுவியது.
கூட்டல் குறியாக இருந்த பள்ளம்
குழிக்கரண்டி ஆயிற்று.
கூட்டல் குறியிலும் ஜாதிகள் உண்டு,
ஜப்பான் வண்டிக்கு ஜப்பான் முனை வேண்டும்.
வாங்கி வைத்திருந்தேன்.
முதல் ஆணிக்குக் கச்சிதம்.
இதற்குப் பொருந்தவே இல்லை.
அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

உறைக்காமல் எய்லர்ட்டைத் திட்டினேன்.
வண்டியை எனக்கு விற்றவன்.
பிரேக்கெல்லாம் பத்திரம் என்று
மேசையைத் தட்டிச் சொன்னவன்.
இப்போது டிரோம்சோவில் புதுப் பல் கட்டிக்கொண்டு
சுகமாக இருக்கிறான்.
அடிக்கு ஒருமுறை அவன் பெயர்.
அவன் அம்மாவை மட்டும் விட்டுவிட்டேன்.
மீன் ஆலையில் எனக்குப் பக்கத்து மேசை அவள்.

மூன்று மணிக்கு யூனி எட்டிப் பார்த்தான்.
படகுத் துறையில் அவனுக்கும் தூக்கமில்லை.
மூக்கைச் சொறிந்தான், போய்விட்டான்.
திரும்பி வந்தபோது கையில்
இடப்பக்கம் சுழன்று துளைக்கும் முனை.
ஆறு மணிக்குப் படகு கிளம்புது,
அதுக்குள்ள வேணும்.
அவ்வளவுதான் பேச்சு.

இனிக் கொலைதான் என்று முடிவு.
தலையை அரைத்துத் தள்ளிவிடலாம்,
மிச்சத்தை அப்புறம் பார்க்கலாம்.
பின்னோக்கி ஓட விட்டு அழுத்தினேன்.
கடித்தது.
முடிக்கற்றை மாதிரி எஃகுச் சுருள்.
பாதித் தலை போன பிறகு
அழிக்க வந்த சுழற்சியையே பற்றிக்கொண்டு
அது
தானாக எழுந்து வந்தது.

மரை கழன்றவள் என்று
ஊரில் எனக்கு ஏற்கெனவே பெயர்.
கழன்றது பார் என்றேன்
ஆளில்லாத கொட்டகையிடம்.

உள்ளங்கையில் ஊதிப் பார்த்தேன்.
நீளத்தை முறித்துக் குறைப்பதற்கென்று
உடம்பில் வரிவரியாய்ப் பள்ளம்.
முனையில் குறடால் நறுக்கிய கோணல்.
எந்த வண்டியிலும் இப்படி ஆணி வராது.
இழுப்பறைக் கைப்பிடிகளில் வரும்.
என் சமையலறையில்
கரண்டி இழுப்பறையின் கைப்பிடி
மூன்று வருடமாக ஒற்றை ஆணியில் தொங்குகிறது.
நானே கழற்றி, நானே நறுக்கி,
கிரீஸ் தடவாமல்,
முழங்கை நோக முறுக்கியது
யார் என்று இனி விசாரிக்க வேண்டியதில்லை.

ஐந்து ஐம்பதுக்கு ஓடிப்போய்
யூனியிடம் முனையைக் கொடுத்தேன்.
எப்படி வந்தது என்று அவன் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் எய்லர்ட் என்றுதான் சொல்லியிருப்பேன்.

புது ஆணி, செம்பு கிரீஸ், இரண்டே விரல் பலம்.
கிண்ணத்தில் தேன்.
பிடியை அழுத்தினால் இன்னும் பஞ்சு.
குழாயின் மறுமுனையைப்
பழைய ஜாம் பாட்டிலில் விட்டு
குந்தியிருக்கிறேன்.
ஏழு மணிக்கு வேலை, பக்கத்து மேசை.
ஒரு குமிழி வருகிறது.
நிற்கிறது.
இன்னொன்று.